பத்திரம் இருக்கு, பட்டா இருக்கு, அப்புறம் என்ன அனுமதி?

என் சித்தி கோத்தகிரி பக்கம் ஐந்து சென்ட் நிலம் வாங்கியது 2014ல். சித்தப்பா தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணம் மொத்தமும் அதில் போனது. இரண்டு ரூம், ஒரு சமையல்கட்டு, வாசலில் நாலு ஹைட்ராஞ்சியா செடி. அவ்வளவுதான் அவர்கள் ஆசை. போன வருஷம்தான் வரைபடம் போட்டு, வீடு கட்ட மனு கொடுத்தார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி எழுதி மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சித்தி போன் செய்தபோது குரல் நடுங்கியது. "பத்திரம் இருக்கு, என் பேருக்குப் பட்டா இருக்கு, வருஷா வருஷம் கிஸ்தி கட்டின ரசீது இருக்கு. அப்புறம் யாரோட அனுமதி வேணும் கண்ணு? என் நிலம்தானே?"

நான் குன்னூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்துகிறவன். சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் அந்தப் போனுக்குப் பிறகு ஒரு வருஷமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியதில் கொஞ்சம் புரிந்தது. மலையில் நிலம் வாங்கப் போகிறவர்களும் ஏற்கெனவே வாங்கிவிட்டுத் தவிக்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் சித்தியின் கேள்வி. பத்திரம் என்பது இன்னார் இன்னாருக்கு விற்றார் என்பதற்குச் சாட்சி. அதைப் பதிவு அலுவலகம் பார்த்துக்கொள்கிறது. பட்டா என்பது அரசின் நிலக் கணக்கில் அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று வருவாய்த் துறை எழுதி வைப்பது. ஒரு சர்வே எண்ணில் இருக்கும் நிலத்தைப் பத்துப் பேர் வாங்கினால், சர்வேயர் வந்து அளந்து, 212 என்று இருந்ததை 212/1, 212/2 என்று உடைத்து ஒவ்வொருவர் பெயரிலும் ஏற்றிவிடுவார். இந்த இரண்டு ஆபீஸும் கேட்பது ஒரே ஒரு கேள்வியைத்தான்: நிலம் யாருடையது?

அங்கே முப்பது வீடு வந்தால் என்ன ஆகும் என்று இரண்டு ஆபீஸிலும் யாரும் கேட்பதில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் திரும்ப இடம் இருக்கிறதா, சாக்கடை எங்கே போய்ச் சேரும், குடிதண்ணீர் எங்கிருந்து வரும், மேலே பெய்யும் மழை கீழே யார் வீட்டுச் சுவரில் மோதும் என்பதெல்லாம் அவர்கள் வேலை இல்லை. அதைக் கேட்பதற்காக உள்ளதுதான் மனைப்பிரிவு அனுமதி, பேச்சு வழக்கில் லேஅவுட் அப்ரூவல். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 என்பதுதான் இதற்கு அடிப்படை. விவரங்கள் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019ல் இருக்கின்றன.

இங்கே ஒரு சொல் எல்லோரையும் குழப்புகிறது. சர்வேயர் செய்வதற்கும் உட்பிரிவு என்றுதான் பெயர். நகர் ஊரமைப்பு விதிகளிலும் உட்பிரிவு என்று ஒன்று உண்டு: நிலத்தை எட்டு மனை வரை பிரித்தால் உட்பிரிவு, எட்டைத் தாண்டினால் மனைப்பிரிவு. "சார், உட்பிரிவு ஆயிடுச்சு, பட்டா வந்துடுச்சு" என்று புரோக்கர் சொன்னால் அவர் சொல்வது பொய்யாக இருக்காது. சர்வேயர் செய்த உட்பிரிவைத்தான் அவர் சொல்கிறார். கேட்கிறவர் நகர் ஊரமைப்பு அனுமதியே வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். சித்தியும் அப்படித்தான் நினைத்தாள்.

சரி, அனுமதி கேட்டுப் போனால் என்ன நடக்கும்? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒருவரிடம் மூன்று ஏக்கர் இருக்கிறது. சதுர மீட்டரில் சொன்னால் சுமார் 12,140. அதை மனைகளாகப் பிரித்து விற்க நினைக்கிறார். ரோட்டுக்கு மட்டும் 2,140 சதுர மீட்டர் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 10,000. நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருப்பதால், ரோடு போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கோ விளையாட்டுத் திடலுக்கோ என்று திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். அதாவது 1,000 சதுர மீட்டர், நம் கணக்கில் கிட்டத்தட்ட 25 சென்ட். நிலம் 3,000க்கும் 10,000க்கும் நடுவில் இருந்தால், இடம் கொடுக்க முடியாதபோது அதற்கு ஈடாகப் பணம் கட்டலாம். 3,000க்குள் இருந்தால் ஒதுக்க வேண்டியதில்லை.

ஒதுக்குவது என்றால் வரைபடத்தில் பச்சை பூசிவிட்டுப் போவது இல்லை. ரோட்டையும் திறந்தவெளியையும் தானப் பத்திரமாகப் பதிவு செய்து உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எதுவாக இருந்தாலும் சரி. அன்றிலிருந்து அது ஊர்ச் சொத்து. என் நிலத்தை எதற்குச் சும்மா கொடுக்க வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 பிப்ரவரியில், தமிழ்நாட்டில் இந்தப் பத்து சதவீதத்தைக் கேட்கும் விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

தானப் பத்திரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று எனக்கு முதலில் புரியவில்லை. சித்தியின் மனைக்குப் போனபோது புரிந்தது. அங்கே ரோடு இருக்கிறது, ஆனால் அது இன்றுவரை விற்றவர் பெயரிலேயே இருக்கிறது. அதனால் ஊராட்சி அதில் தார் போடாது, தெருவிளக்கு போடாது, காவாய் கட்டாது. தன்னுடையது இல்லாத இடத்தில் ஊர்ப் பணத்தை எப்படிச் செலவு செய்ய முடியும்? நாளைக்கு விற்றவரின் பிள்ளைகள் வந்து குறுக்கே கேட் போட்டால், சித்தி பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அவள் வாங்கியது ஐந்து சென்ட். அந்த ஐந்து சென்ட்டுக்குப் போகிற வழியை அவளுக்கு யாரும் உறுதி செய்து கொடுக்கவில்லை.

யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நகர் ஊரமைப்புத் துறை நிலத்தைப் பார்த்து, வரைபடத்தைத் திருத்தித் தொழில்நுட்ப அனுமதி தரும். தானப் பத்திரம் பதிவாகிக் கட்டணங்கள் கட்டிய பிறகு உள்ளாட்சி இறுதி ஒப்புதல் கொடுக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் அனுமதி. ஊராட்சித் தலைவர் தனியாகக் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்ப் அடித்து, "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று விற்ற மனைகள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. அந்த ஸ்டாம்ப்புக்கு அப்படி ஒரு அதிகாரம் கிடையாது. சித்தியிடமும் அப்படி ஒரு தாள் இருந்தது. அதைப் பத்திரத்தோடு பிளாஸ்டிக் கவர் போட்டு பீரோவில் பத்திரமாக வைத்திருந்தாள்.

இதெல்லாம் சமவெளிக்கும் பொது. மலையில் இதற்கு மேல் இன்னும் பல படிகள் உண்டு. அது ஏன் என்பதைத்தான் நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மலை ஏறி வந்து நிலம் வாங்குகிறவர்கள் பலருக்கு இது வீண் தொல்லையாகத் தெரிகிறது.

சமவெளியில் மனை போடுவது என்றால் முள்ளை வெட்டி, கல் நட்டு, நடுவில் ரோட்டுக்கு இடம் விட்டால் போதும். மண் இருந்த இடத்தில் இருக்கும். சரிவில் அப்படி இல்லை. மூன்று அடி தள்ளிப் போனால் ஒரு அடி ஏறுகிற ஒரு தேயிலைத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் அது பெரிய சரிவே இல்லை. அதில் 24 அடி ரோடு சமமாக வேண்டும் என்றால், மேல் பக்கம் எட்டு அடிக்கு மண்ணைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். ரோட்டை ஒட்டி முப்பது அடி ஆழமுள்ள மனையைச் சமமாக்கினால் இன்னொரு பத்து அடி. வகுப்பில் கரும்பலகையில் இதை வரைந்து காட்டினால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே கேட்டுவிடுவார்கள்: "சார், வெட்டின மண்ணு எங்க போகும்?"

ஜேசிபி அதைக் கீழ்ப் பக்கம் தள்ளிவிடும். மேலே சரிவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த அடிமண் போய்விட்டது. கீழே இறுகாத மண் குவிந்து கிடக்கிறது. இந்த மலையில் பல இடங்களில் பாறைக்கு மேல் மண் ஆழமாக இருக்கும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும், வெளியே வர வழி தேடும். வழி கிடைக்காவிட்டால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். அது விழுவது ரோடு போட்டவர் வீட்டில் இல்லை. அவர் பெரும்பாலும் கோவையிலோ பெங்களூரிலோ இருப்பார். விழுவது கீழே இருக்கும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில்.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பெய்தது. அந்த வாரத்தில் நீலகிரி மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர். இப்படி ஒரு நாள் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒரு நாள் வந்தால் தண்ணீர் எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே பார்க்க முடியும். அதைப் பார்ப்பதற்காகத்தான் மலைக்கென்று தனி அமைப்பு வந்தது.

அதன் பெயர் மலையிடப் பாதுகாப்புக் குழுமம். எல்லோரும் ஹாகா என்றுதான் சொல்வார்கள். 1990ல் வந்த அரசாணையில் எந்தெந்த மலைக் கிராமங்கள் இதில் வரும் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். நீலகிரி மாவட்டம் இதில் வருகிறது, பழனி மலையில் கொடைக்கானல் பக்கத்து ஊர்களும் வருகின்றன. இந்தக் கிராமங்களில் மனைப்பிரிவு போட வேண்டும் என்றால் வழக்கமான அனுமதியோடு பல துறைகளின் கருத்தும் சேர்ந்தாக வேண்டும். காட்டை ஒட்டி இருக்கிறதா, யானை வழி இருக்கிறதா என்று வனத்துறை பார்க்கும். சரிவு தாங்குமா என்று கனிமவளத் துறையின் புவியியலாளர் பார்ப்பார். மண் அரிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று வேளாண் பொறியியல் துறை சொல்லும். எல்லாம் கலெக்டர் வழியாகப் போகும். நீலகிரியில் பொக்லைன் வைத்து மண்ணைத் தொடுவதற்கே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கட்டடம் ஏழு மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது.

இதோடு நிற்பதில்லை. நிலம் தனியார் காடாக அறிவிக்கப்பட்டிருந்தால் 1949ஆம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் வரும். முன் அனுமதி இல்லாமல் அதில் ஒரு துண்டைக்கூட விற்க முடியாது. மரம் வெட்ட வேண்டும் என்றால் 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம். தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கை "நான் வெச்ச மரம்தானே" என்று சாய்த்துவிட முடியாது. மசினகுடி, சீகூர் பக்கம் என்றால் யானை வழித்தடம். அங்கே 2010ல் வந்த அறிவிப்பு செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூடலூரில் ஜென்ம நிலங்கள், அதாவது ஜென்மி என்ற பழைய நிலவுடைமையாளர்களிடம் இருந்த நிலங்கள், என்று வேறொரு கதை. 1969ஆம் வருஷத்துச் சட்டத்தில் பதினேழாம் பிரிவில் மாட்டிக்கொண்ட நிலங்களுக்குப் பட்டாவே இல்லை, பல தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்கள் இன்னும் காத்திருக்கின்றன. அந்த ஒன்றைப் பற்றியே தனியாக எழுத வேண்டும்.

பெரிய எஸ்டேட்டுகள் விஷயத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒருவர் இவ்வளவு நிலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிற நில உச்சவரம்புச் சட்டத்தில் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு விலக்கு உண்டு. பயிர் செய்கிற தோட்டம் என்பதால் கிடைத்த விலக்கு அது. செடியைப் பிடுங்கி மனை போட்டால் அந்த விலக்குக்கே கேள்வி வந்துவிடும். எஸ்டேட் நிலத்தைத் துண்டு போட்டு விற்கிறார்கள் என்றால் இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் நில உபயோகம். உதகை, குன்னூர், கொடைக்கானல் போன்ற ஊர்களுக்கு முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான் உண்டு. கொடைக்கானலுக்கு அது 1993ல் வந்தது. ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பா, விவசாயமா, வணிகமா என்று அதில் நிறம் பூசியிருப்பார்கள். விவசாயம் என்று பச்சையில் இருக்கிற நிலத்தில், நில உபயோக மாற்றம் வாங்காமல் மனை போட முடியாது. பூண்டு போட்டிருந்த நிலத்தில் ஒரே ராத்திரியில் கல் நட்டுவிட்டால் அது மனை ஆகிவிடாது.

இத்தனை படி இருப்பதால்தான் சுற்றி வரும் வழிகளும் பெருகிவிட்டன. அதில் அதிகம் பேர் ஏமாறுவது பிரிபடாத பாகத்தில். ஒரு ஏக்கர் நிலத்தை இருபது பேருக்கு விற்பார்கள். ஆனால் பத்திரத்தில் "மொத்த நிலத்தில் இருபதில் ஒரு பாகம், பிரிபடாத பாத்தியம்" என்று எழுதியிருக்கும். நேரில் வேலி போட்டு, நம்பர் எழுதி, இதுதான் உங்கள் மனை என்று காட்டுவார்கள். சட்டத்தின் கண்ணில் அங்கே மனையே இல்லை, ஒரே நிலத்துக்கு இருபது பங்காளிகள் இருக்கிறார்கள். ஒருவர் தன் பங்கை வைத்துக் கடன் வாங்கினாலோ, பக்கத்து வேலியைத் தகராறு செய்தாலோ, வீடு கட்ட மனு போட்டாலோ மொத்தமும் சிக்கிக்கொள்ளும். இன்னொரு வழி பண்ணை நிலம் என்ற பெயரில் விற்பது. அரை ஏக்கர் வாங்குங்கள், அவகாடோ வைத்துத் தருகிறோம், நடுவில் ஒரு சின்ன காட்டேஜ் கட்டிக்கொள்ளலாம் என்பார்கள். காட்டேஜுக்கு அனுமதி யார் தருவார்கள் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். மனைப்பிரிவு என்ற கணக்கில் வராமல் இருக்க, இந்த வருஷம் எட்டு மனை, அடுத்த வருஷம் அதே நிலத்தில் இன்னொரு எட்டு மனை என்று பிரிப்பவர்களும் உண்டு.

அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொள்வது வேறு விஷயம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா விட்டுப்போன நிலத்தைக் குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை செய்வது மனை வியாபாரம் ஆகாது. ஆனால் அப்படிப் பிரித்த துண்டில் வீடு கட்டப் போகும்போது வழி இருக்கிறதா, சரிவு எப்படி என்ற கேள்விகள் வரத்தான் செய்யும். ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், இது பெரிய சங்கடம். தாத்தா காலத்தில் ரெண்டு ஏக்கர், இன்று பேரன்மார் ஆளுக்கு இருபது சென்ட். வெளியூர்க்காரர் போடும் ரிசார்ட்டுக்கும், இந்த மண்ணிலேயே பிறந்தவன் கட்டும் அறுநூறு சதுர அடி வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே படிக்கட்டு என்றால், பணமும் ஆள் பலமும் உள்ளவன்தான் ஏறி முடிப்பான். மற்றவன் பாதியில் சலித்துப்போய் அனுமதி இல்லாமலே கட்டிவிடுவான். விதிகள் வேண்டும் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். அதே மனதோடுதான் சொல்கிறேன், சின்ன வீட்டுக்காரனுக்குப் புரிகிற மொழியில், அவன் காத்திருக்கக்கூடிய காலத்துக்குள் பதில் கொடுக்க வேண்டியதும் அரசின் கடமை.

2016க்கு முன்னால் சித்தி வாங்கிய மாதிரி மனைகளைப் பதிவு அலுவலகத்தில் தடையில்லாமல் பதிவு செய்தார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பொதுநல வழக்கில், அனுமதி இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டது. தமிழ்நாடு முழுக்க மனை வியாபாரம் ஸ்தம்பித்துப் போனது. அதற்குப் பிறகு 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 வரை விற்ற மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம், அதற்குப் பிறகு புதிதாகப் பிரிப்பதற்கு இந்தச் சலுகை இல்லை என்பது அதன் சாரம். மலைப்பகுதியை அப்போது அதில் சேர்க்கவில்லை. மலைக்கென்று தனி விதிகள் 2020ல்தான் வந்தன. ஓடை, குளம், திறந்தவெளி என்று ஒதுக்கிய இடம், அரசுப் புறம்போக்கு இவற்றில் இருக்கும் மனைகளை வரன்முறை செய்ய முடியாது. வரன்முறை ஆகிவிட்டால் வீடு கட்ட அனுமதி கிடைத்துவிட்டது என்றும் அர்த்தம் இல்லை. கட்டட அனுமதிக்கு மனு போடும் தகுதி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு இன்னொரு காவல் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை போட்டு விற்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், அதாவது ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். நகர் ஊரமைப்பு அனுமதி எண்ணைக் கேளுங்கள். எண்ணைச் சொன்னால் மட்டும் போதாது, ஒப்புதல் முத்திரையோடு உள்ள வரைபடத்தை வாங்கி, நீங்கள் வாங்கும் மனை எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தானப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். வில்லங்கச் சான்று எல்லோரும் போடுவதுதான். ஆனால் எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு தாள் இருக்கிறது: புலப்படம், எஃப்எம்பி ஸ்கெட்ச். சர்வே எண்ணின் எல்லை, அளவு, நடுவில் போகிற ஓடை, பாதை எல்லாம் கோட்டுப் படமாக அதில் இருக்கும்.

அந்தத் தாளை எடுத்துப் பார்த்த நாள் எனக்கு மறக்காது. சித்தி வீட்டு அடுப்படியில், சாப்பாட்டு மேஜையில் இரண்டு தாளை அருகருகே வைத்தேன். ஒன்று 2014ல் விற்றவர் கொடுத்த நோட்டீஸ், பளபளவென்று கலரில். மனைகள் மஞ்சள், ரோடு சாம்பல் நிறம், ஓரத்தில் பூ படம். இன்னொன்று புலப்படம், கறுப்புக் கோடு மட்டும். நோட்டீஸில் மேலிருந்து கீழாக வளைந்து இறங்கும் "24 அடி மெயின் ரோடு" இருந்தது. புலப்படத்தில் அதே இடத்தில், அதே வளைவோடு, இரட்டைக் கோடாக ஒரு ஓடை இருந்தது.

சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரெண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். விரலை ரோட்டின் மேல் வைத்தாள், அப்புறம் ஓடையின் மேல் வைத்தாள். "ரெண்டும் ஒண்ணா கண்ணு?" என்றாள். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார்.

முறையாக அனுமதிக்குப் போயிருந்தால் இந்த ஓடை முதல் நாளிலேயே தெரிந்திருக்கும். நிலத்தைப் பார்க்க வருகிறவர் கையில் புலப்படம் இருக்கும். ஓடையை விட்டு ரோட்டை வேறு பக்கம் திருப்பச் சொல்லியிருப்பார், நாலைந்து மனை குறைந்திருக்கும், விற்றவருக்கு லாபம் கொஞ்சம் குறைந்திருக்கும். இப்போது பத்தொன்பது குடும்பம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. விற்றவரின் போன் எண் உபயோகத்தில் இல்லை.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியோடு அங்கே போனேன். முந்தின ராத்திரி நல்ல மழை. ரோடு என்று சொல்லப்பட்ட இடத்தில் கணுக்கால் அளவுக்குச் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நட்ட கற்களில் இரண்டு சாய்ந்து கிடந்தன, சிவப்புப் பெயிண்ட் மட்டும் போகவில்லை. கீழ் வளைவில், வெட்டிப் போட்ட மண் ஒரு வீட்டின் பின்சுவர் வரைக்கும் வந்து நின்றிருந்தது. அந்த வீட்டுப் பாட்டி மண்வெட்டியோடு வெளியே வந்தார். நாங்கள் மேலே மனை வாங்கியவர்கள் என்று அவருக்குத் தெரிந்ததும் சித்தி தயங்கினாள். பாட்டி திட்டவில்லை.

"இந்தத் தண்ணி எப்பவும் இங்கதாம்மா வரும்" என்றார். "நான் கல்யாணமாகி வந்தப்போ இதுல துணி துவைச்சோம். நீங்க ரோடுன்னு சொல்றீங்க. தண்ணிக்கு அது தெரியாதில்ல."

சித்தியின் மனை ஓடையிலிருந்து மூன்று மனை மேலே இருக்கிறது. அவள் ஐந்து சென்ட்டுக்கு ஒரு வழி பிறக்கலாம் என்றுதான் விசாரித்த இடங்களில் சொல்கிறார்கள். ஆனால் ரோட்டை மாற்றிப் போட வேண்டும், அதற்கு மேல் வரிசை மனைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும். பத்தொன்பது பேரில் பதினோரு பேரைக் கண்டுபிடித்துவிட்டோம். இருவர் துபாயில் இருக்கிறார்கள், ஒருவர் இறந்துவிட்டார், அவர் மகள் ஈரோட்டில். அடுத்த ஞாயிறு எல்லோரும் சித்தி வீட்டில் கூடுவதாகப் பேச்சு. புலப்படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டுக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள். கீழ் வீட்டுப் பாட்டியையும் கூப்பிட்டிருக்கிறாள்.